கண்ணில் நீர் வடிகிறது, பார்வை சரியாக வருமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கைக்குழந்தையின் கண்ணில் நீர் வடிவதைப் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகனுக்கு ஐந்து மாதம். பிறந்து சில வாரத்திலேயே இடது கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்தது. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. கண் டாக்டர் மசாஜ் செய்யுங்கள், ஒரு வயது வரை பார்க்கலாம் என்கிறார். இப்படியே விட்டால் பார்வை போய்விடும் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், திண்டுக்கல்

டாக்டர் சொன்னதுதான் சரி. மாமியாரின் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அது மூன்றாவது பதிலில் வரும்.

இமைகளின் உள் ஓரத்தில், மூக்கை ஒட்டி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் குண்டூசி முனை அளவில் துளைகள் இருக்கும். கண்ணீர் அதன் வழியாகக் கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து ஒரு குழாயில் இறங்கி மூக்குக்குள் போய்விடும். அழுதால் நமக்கு மூக்கும் சேர்ந்து ஒழுகுவது அதனால்தான். அந்தக் குழாய் மூக்குக்குள் திறக்கும் இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு, பிறக்கும் சமயத்தில் அது திறந்திருக்க வேண்டும், சில குழந்தைகளுக்குத் திறக்காமல் நின்றுவிடுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துகொள்ளும் என்பதால்தான் டாக்டர் அவசரப்படவில்லை.

ஆனால் காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. மசாஜ் செய்கிறோம் என்று சொல்லும் பெற்றோரில் பலர் மூக்குத் தண்டையோ இமையையோ தடவிக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒரு பயனும் கிடையாது. கிரிக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1923இல் எழுதிவைத்த முறையைத்தான் இன்றும் சொல்லித் தருகிறோம். நகத்தை ஒட்ட வெட்டிக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைத்துவிடுங்கள். கண்ணின் உள் மூலைக்கும் மூக்குக்கும் நடுவில் விரல் நுனியை வைத்து, அடியில் எலும்பு தட்டுப்படும் அளவுக்கு அழுத்தி, அழுத்தம் விடாமல் மூக்கின் ஓரமாகக் கீழே ஒரு சென்டிமீட்டர் இறக்குங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. அழுத்தும்போது உள் மூலையில் கோழை மாதிரி பிதுங்கி வந்தால் பயப்படாதீர்கள், விரல் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பைக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கூடிச் சவ்வைத் திறக்க வேண்டும், அதுதான் கணக்கு, ஆகவே பூ மாதிரித் தடவினால் வேலை நடக்காது. பால் குடிக்கும்போது செய்தால் குழந்தை அவ்வளவாக அழாது.

சொட்டு மருந்து கிருமிக்குத்தான், அடைப்பைத் திறக்காது. பீளை மஞ்சளாக, பச்சையாகக் கெட்டியானால் டாக்டர் எழுதித் தருவார், மசாஜ் முடித்தபிறகு விடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். உள் மூலைக்குக் கீழே சிவந்து வீங்கி, தொட்டால் குழந்தை வீறிட்டால், காய்ச்சலும் சேர்ந்தால், மசாஜை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பேரனுக்குக் கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சலாமா? விளக்கெண்ணெய், மை?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

மூன்றும் வேண்டாம் அம்மா. எதுவும் குழாயைத் திறக்காது. மையிலும் எண்ணெயிலும் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, சில மைகளில் ஈயம் இருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. திருஷ்டிக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் வையுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மகளுக்குப் பத்து மாதம். வலது கண்ணில் நீர் வடிகிறது என்று காட்டப் போனோம். அந்தக் கண்ணில் பிளஸ் ஐந்து, மற்றதில் பிளஸ் இரண்டு பவர் இருக்கிறது, கண்ணாடி போடுங்கள் என்கிறார்கள். எழுத்தே தெரியாத குழந்தைக்கு எப்படிப் பவர் பார்த்தார்கள்? நீர் வடிந்ததால் வந்ததா?
– ஒரு தந்தை, கோவை

பவர் பார்க்கக் குழந்தை வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரியும் பாப்பா விரியும் மருந்தைப் போட்டு, ஒரு சின்ன விளக்கைக் கண்ணுக்குள் அடித்து, உள்ளிருந்து திரும்பி வரும் சிவப்பு ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்போம். முன்னால் ஒவ்வொரு லென்ஸாக வைத்து, அந்த நகர்வு எந்த லென்ஸில் நிற்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போடுவோம். மருந்து போட்டதும் முகம் சிவந்து உடம்பு சுட்டிருந்தால் அதுவும் அந்த மருந்தின் வேலைதான்.

நீர் வடிவதால் பவர் வராது. கண் சிமிட்டினால் நீர் விலகிவிடும், அந்தக் கலங்கலும் போய்விடும், அதனால் மட்டும் பார்வை கெட்டுப் போவதில்லை. ஆனால் குழாய் அடைப்புள்ள குழந்தைகளில், அதுவும் ஒரு கண்ணில் மட்டும் அடைப்பு இருப்பவர்களில், இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசப்படுவது கொஞ்சம் அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அப்படியொன்றும் இல்லை என்று வேறு சில ஆய்வுகள் சொல்கின்றன. சண்டை தீரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும், நீர் வடிகிறது என்று வரும் குழந்தைக்குப் பவரையும் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. உங்கள் டாக்டர் அதைச் செய்திருக்கிறார், அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? கண் படம்தான் பிடிக்கிறது, பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்குள் இருக்கும் அம்மா முகமே மங்கலாகத்தான் தெரியும். இரண்டு மாதவாக்கில் முகத்தை உற்றுப் பார்க்கும், நான்கு மாதத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் படிப்பு ஏழெட்டு வயது வரை போகிறது, அஸ்திவாரம் முதல் சில ஆண்டுகளில் விழுந்துவிடும். ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமே வந்துகொண்டிருந்தால் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அப்புறம் அந்தக் கண்ணுக்கு எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் தெளிவு வராது. இதுதான் சோம்பேறிக் கண். 1960களில் ஹியூபெல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் சில மாதம் தைத்து மூடிவைத்துப் பார்த்தார்கள். பிரித்துவிட்டபிறகு கண் நன்றாகவே இருந்தது, மூளைதான் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்ல மறந்திருந்தது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. மூளை பார்க்கும் விதத்தைப் பற்றிய அவர்களுடைய ஆராய்ச்சிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே கண்ணாடியைப் போடுங்கள், பின்னால் எலாஸ்டிக் பட்டை வைத்த ஃப்ரேமாக வாங்குங்கள். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள்: விளையாடும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மறையுங்கள், பிறகு மற்றதை. இடது கண்ணை மறைத்தால் மட்டும் சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால், வலது கண் பார்க்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதக் குழந்தை. கண்ணில் நீர் வடிகிறது, பீளை இல்லை. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. கண் பெரிதாக அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, தென்காசி

இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். பீளை இல்லாமல் நீர், வெளிச்சத்துக்குக் கூச்சம், பெரிய கருவிழி மூன்றும் சேர்ந்தால் பிறவியிலேயே வரும் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அது மசாஜுக்குக் கட்டுப்படாது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான், தள்ளிப்போடப் போடப் பார்வை போகும். கருவிழி புகை படிந்த மாதிரித் தெரிந்தால் சந்தேகம் இன்னும் கூடும். பாப்பாவில் வெள்ளையாக ஒளி தெரிந்தாலும் இதே அவசரம்தான்.

பையனுக்குப் பதினான்கு மாதம், நீர் நிற்கவில்லை. கம்பி விட்டு அடைப்பை எடுக்க வேண்டும் என்கிறார்கள். மயக்க மருந்து என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பயம். இன்னும் காத்திருந்தால் என்ன?
– ஒரு தாய், வேலூர்

காத்திருந்தால் சிலருக்கு இதற்குப் பிறகும் திறக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயது ஏற ஏற அந்த வாய்ப்பு குறைகிறது, நடுவில் பையில் சீழ் பிடித்தால் வேதனை அவனுக்குத்தான். நானாக இருந்தால் இப்போதே செய்துவிடுவேன்.

கத்தியும் இல்லை தையலும் இல்லை. நுனி மழுங்கிய மெல்லிய கம்பியைக் கண்ணீர்த் துளை வழியாக மூக்குக்குள் இறக்கிச் சவ்வைத் திறப்பார்கள், மருந்து நீரை விட்டு அது மூக்குக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பார்கள், கால் மணி நேர வேலை. இந்த வயதில் பெரும்பாலும் ஒரே தடவையில் சரியாகிவிடும், ஆகாவிட்டால் சிலிக்கோன் குழாய் வைப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. அன்று மூக்கிலோ கண்ணீரிலோ லேசாக ரத்தம் தெரியலாம். மயக்க மருந்துக்கு முன் தாய்ப்பால் நான்கு மணி நேரம், மற்ற பாலும் கஞ்சியும் ஆறு மணி நேரம் கொடுக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு, உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தைத்தான் நீங்கள் கடைப்பிடிக்க வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

பவர் இதுவரை பார்க்கவில்லை என்றால் அன்றே, பையன் மயக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிட முடியுமா என்று கேளுங்கள். பாப்பா விரியும் மருந்தை முன்கூட்டியே போட வேண்டும் என்பதால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.