ஜே-3 கப்: இடது சக்கரம் வெளியே விரிந்து இறக்கை தாழ்ந்தால்

உங்கள் பைப்பர் ஜே-3 கப் சிறு விமானம் கடினமாகத் தரை தட்டியபின், அதன் இடது சக்கரம் வெளியே சாய்ந்து, இறக்கை தாழ்ந்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் பஞ்சி (bungee) வளையங்கள்தான். பைப்பர் கப்பில் ஸ்பிரிங் வேலையைச் செய்வது துணியுறை போட்ட அந்த ரப்பர் வளையங்களே. எண்ணெய், வெயில், வயது மூன்றும் ரப்பரை உள்ளேயே கொல்லும். உறை மட்டும் நன்றாகவே தெரியும். உறையில் ஓடும் வண்ண நூல் தயாரித்த காலத்தைச் சொல்லும், பாருங்கள். மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதென்றால் விமானம் சாய்ந்தே நிற்கும்.

விமானத்தைத் தூக்கிப் பாரத்தை எடுக்காமல் வளையத்தில் கை வைக்காதீர்கள். இறக்கைத் தாங்கு குழாயின் நடுவில் ஜாக் வைத்தால் குழாய் வளையும். வளையம் ஏற்ற அதற்கான கருவி வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விரல் போகும்.

வளையம் நன்றாக இருந்தால் கவலை அதிகம், கோளாறு காலிலோ உடற்சட்டத்திலோ இருக்கலாம். சக்கரத்தைத் தாங்கும் கால் குழாயின் கீழ்முனையில் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கூர்முனையால் அழுத்தும்போது உள்வாங்கினால் அது கழிவு. வளைந்த குழாயை நிமிர்த்திப் போடாதீர்கள். உடற்சட்டத்தில் கால் பூட்டும் இடங்களில் பெயின்ட்டை நீக்கி, வெல்டு ஓரங்களில் விரிசலைக் காட்டும் சாயச் சோதனை செய்யுங்கள். பூட்டுப் போல்ட்டுகளைக் கழற்றித் தேய்மானமும் வளைவும் பாருங்கள்.

வளையம் அறுந்தாலும் கால் முழுக்க விரியாமல் பிடிக்கும் பாதுகாப்புக் கேபிள் இல்லையென்றால் இப்போதே போட்டுவிடுங்கள், செலவு சொற்பம்.

இறக்கை நுனி தரையில் உரசியதா? ஸ்பார், அதாவது இறக்கையின் உள்ளே நீளவாக்கில் ஓடும் உத்தரம், மரம் என்றால் தாங்கு குழாய் பூட்டுமிடத்தில் அமுக்க விரிசல் தேட வேண்டும். புரொபெல்லர் தட்டியிருந்தால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.