மெய் இரட்டும்போது நேர்வது என்ன?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஹேப்பி’ என்னும் சொல்லில் ‘பி’ என்ற எழுத்து இருமுறை வந்தாலும் அதனை அழுத்தி ஒலிக்கலாகாது என்கிறார் என் மகளின் ஆசிரியை. அப்படியானால், மெய்யை இரட்டித்து ஒலிப்பது தமிழுக்கு மட்டுமே உரியதா?
– ஆத்தூர் (சேலம் மாவட்டம்) வாசகர்

பதில்: ஆசிரியை சொன்னது சரியே. ஆங்கிலத்தில் ஒரு சொல்லினுள் மெய்யெழுத்தை இரட்டித்து எழுதுவது, பெரும்பாலும் அதற்கு முன்னுள்ள உயிர் குறுகி ஒலிக்கும் என்பதற்கான அடையாளம்; ‘டின்னர்’, ‘டைனர்’ ஆகிய இரண்டையும் ஆங்கிலேயர் காதில் பிரிப்பது உயிரொலிதான். நாம் ‘ஹேப்பி’ என்று பகரத்தை இரட்டிப்பதற்குக் காரணம் வேறு: ஒற்றைப் பகரம் இட்டால் தமிழர் நா அதனை மெலித்துவிடும்.

இரட்டித்தல் என்பது ஓர் ஒலியை இருமுறை சொல்வதன்று; வாயில் ஏற்படுத்திய தடையை உடனே விலக்காமல் சற்றுக் கூடுதலான நேரம் நிறுத்துவதாகும். இது பல மொழிகளில் பொருளையே மாற்றுகிறது. பின்லாந்து நாட்டின் பின்னிய மொழியில் ‘துலி’ நெருப்பு, ‘துல்லி’ சுங்கம். அரபியில் ‘தரஸ’ என்றால் படித்தான். ரகரத்தை இரட்டித்து ‘தர்ரஸ’ என்றால் கற்பித்தான். நம்முடைய ஓடினான், ஓட்டினான் என்பவற்றை இதன் அருகே வைத்துப் பார்த்தால், தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே உத்தியைக் கையாள்வது வியப்பளிக்கிறது.

தமிழின் தனித்தன்மை வேறோர் இடத்தில் உள்ளது. பலி, பல்லி என்பவற்றில் மாறுவது ஒலியின் நீட்டம் மட்டுமே. படு, பட்டு என்பவற்றிலோ நீட்டத்துடன் ஒலியின் தன்மையும் மாறுகிறது. தனி டகரம் குரல் அதிர்வோடும், இரட்டித்த டகரம் அதிர்வின்றியும் பிறக்கின்றன. ஏற்காடு என்பது ‘ஏற்காட்டில்’ ஆகும்போதும், மேடும் ஊரும் சேர்ந்து ‘மேட்டூர்’ ஆகும்போதும் இதனைக் கேட்கலாம். தங்கள் ஊர்ப்பெயரே நல்ல சான்று: ஆற்றூர் பேச்சில் ஆத்தூர் ஆனபோது ஒலி பிறக்கும் இடம் பல்லை நோக்கி நகர்ந்ததே தவிர, இரட்டிப்பு அழியவில்லை.

கேள்வி: ரகரமும் ழகரமும் ஏன் இரட்டிப்பதில்லை?
– ஏற்காடு வாசகர்

பதில்: தம்மோடு தாமே மயங்கும், அதாவது அடுத்தடுத்து இரட்டித்து வரும், மெய்களுள் இவ்விரண்டையும் நீக்கிப் பதினாறையே நன்னூல் ஏற்கிறது. ரகரத்தைப் பொறுத்தவரை இது நாவின் இயலாமையன்று, தமிழின் வழக்கு. சேலத்தில் தெலுங்கு பேசுவோர் குதிரையைக் ‘குர்ரம்’ என்று தடையின்றிச் சொல்கிறார்கள். கல், கண், முள் எனத் தனிக்குறிலை அடுத்து ஒற்று நிற்கும் சொற்கள், உயிர் வந்து சேரும்போது கல்லில், கண்ணில், முள்ளில் என இரட்டும். தனிக்குறிலை அடுத்து ‘ர்’, ‘ழ்’ நிற்கும் சொல் தமிழில் இல்லாததால், அங்கு இரட்டிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.