கேட்டால் சொல்லுவோம்: பொத்திய கையும் குறுக்கிய கையும்

இனவெறிக்கு எதிராக விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் காட்டும் சைகைகள் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம்.

1968 மெக்சிக்கோ ஒலிம்பிக் படத்தில் ஒருவர் வலக்கையையும் மற்றவர் இடக்கையையும் உயர்த்தியது ஏன்? பிறகு அவர்களுடைய பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள் என்று எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் எழுதியிருந்தது. சரியா?
– உயர்தர மாணவி, நல்லூர்

பறிக்கவில்லை. கண்காட்சிப் பலகையைத் திருத்தச் சொல்லுங்கள். 1968 ஒக்ரோபர் 16 அன்று 200 மீற்றரில் ரொமி ஸ்மித் 19.83 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். அவுஸ்திரேலியரான பீற்றர் நோர்மன் 20.06 விநாடியில் இரண்டாவது, ஜோன் கார்லோஸ் 20.10 விநாடியில் மூன்றாவது. பதக்க மேடையில் ஸ்மித்தும் கார்லோசும் கறுப்புக் கையுறை போட்ட பொத்திய கையை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு இந்த இரு அமெரிக்கர்களையும் அணியிலிருந்து இடைநிறுத்தி ஒலிம்பிக் கிராமத்தை விட்டு வெளியேற்றினார்கள். பதக்கங்கள் அவர்களிடமே இருந்தன.

கை மாறியதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. கார்லோஸ் தன் கையுறைகளைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டார். இருந்தது ஸ்மித்தின் ஒரு சோடி மட்டும். ஆளுக்கொன்றாகப் போடுங்கள் என்று யோசனை சொன்னவர் நோர்மன். வலது ஸ்மித்துக்கும் இடது கார்லோசுக்கும் போனது.

அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் கைகளைப் பார்த்துவிட்டுக் கால்களை விட்டுவிடுகிறார்கள். இருவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் காலுறையோடு நிற்கிறார்கள். அது கறுப்பின மக்களின் வறுமையைக் குறித்தது. கார்லோசின் கழுத்திலிருந்த மணிமாலை, அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்டவர்களுக்காக. அவர் மேற்சட்டையைத் திறந்து விட்டிருந்தது உடல் உழைப்பாளிகளுக்காக. மூவரின் நெஞ்சிலும் ஒரே வட்டச் சின்னம் இருக்கிறது. ஹரி எட்வேர்ட்ஸ் என்ற சமூகவியலாளர் முன்னின்று தொடங்கிய மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டத்தின் சின்னம் அது. நோர்மன் தனக்கொன்று கேட்டு, அமெரிக்கப் படகோட்டி ஒருவரிடமிருந்து வாங்கிக் குத்திக்கொண்டார். கை உயர்த்தாத அந்த வெள்ளையரும் அன்று எதிர்ப்பில் சேர்ந்தவர்தான். 2006இல் அவர் இறந்தபோது பெட்டியைத் தூக்கியவர்களில் ஸ்மித்தும் கார்லோசும் இருந்தார்கள். 2012இல் அவுஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆறு வருடம் பிந்தி.

பீபாவின் 'கைகளைக் குறுக்காக வைக்கும்' சைகையை எங்கள் கழகப் பொடியங்களுக்குப் பழக்க வேண்டும். எப்படிக் காட்டுவது, காட்டினால் என்ன நடக்கும்?
– உதைபந்தாட்டப் பயிற்றுநர், குருநகர்

ஸ்மித்தின் கை உலகத்துக்குக் காட்டியது. இந்தச் சைகை ஒரே ஒருவருக்குக் காட்டுவது: மத்தியஸ்தருக்கு. இதைப் பொடியங்களின் மண்டையில் முதலில் ஏற்றிவிடுங்கள், மற்றதெல்லாம் இலேசு.

2024 மே மாதம் பாங்கொக்கில் நடந்த மாநாட்டில் பீபா தன் 211 உறுப்புச் சங்கங்களுக்கும் இதைக் கொண்டுவந்தது. இரண்டு கைகளையும் உடலுக்கு முன்னால் உயர்த்தி மணிக்கட்டில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வைக்க வேண்டும். மத்தியஸ்தர் அதைக் கண்டதும் தானும் அதே சைகையைக் காட்டினால் மூன்று படி நடைமுறை தொடங்கிவிட்டது என்று பொருள். முதற்படியில் ஆட்டம் நிறுத்தப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். கூச்சல் ஓயாவிட்டால் இரண்டாம் படி: இரு அணிகளும் உடைமாற்றும் அறைக்குப் போகும், மறுபடி அறிவிப்பு. ஐரோப்பிய நடைமுறையில் இந்த இடைவெளிக்கு 5 முதல் 10 நிமிடம் வரை சொல்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மூன்றாம் படியாக ஆட்டம் கைவிடப்படும்.

பிழைக்கும் இடங்கள் சில உண்டு. ஆத்திரத்தில் பொடியன் சைகையைக் கூட்டத்தைப் பார்த்துக் காட்டுவான். கூட்டம் அதைச் சவாலாக எடுத்து இன்னும் கத்தும். மத்தியஸ்தரோ முதுகுப் பக்கம் நிற்பார். 1993இல் விக்ரோரியா பார்க் மைதானத்தில் நிக்கி வின்மார் என்ற பழங்குடி வீரர் தன் மேற்சட்டையைத் தூக்கி, கூட்டத்துக்குத் தன் தோலைச் சுட்டிக் காட்டினார். அந்தப் படம் அவுஸ்திரேலியாவையே உலுக்கி, 1995இல் அவர்களுடைய உதைபந்தாட்டத்தில் இனநிந்தனைக்கு எதிரான விதி வர வழிசெய்தது. ஆனால் அன்று படப்பிடிப்பாளர்கள் நின்றார்கள். உங்கள் மைதானத்தில் மத்தியஸ்தரை விட்டால் நாதியில்லை.

இரண்டாவது சிக்கல் எங்கள் ஊருக்கே உரியது. கரப்பந்தாட்டத்தில் நெஞ்சுக்கு முன்னால் முன்கைகளைக் குறுக்காக வைத்தால் செற் முடிந்தது என்று பொருள். துடுப்பாட்ட நடுவர் கைகளைக் குறுக்கி இரு தோள்களையும் தொட்டால் முன்பு காட்டிய சைகையை மீளப்பெறுகிறார் என்று பொருள். கிராமத்துச் சுற்றுப்போட்டியில் எல்லா ஆட்டத்துக்கும் ஊதுகிற ஒரே ஆளுக்கு இது குழம்பத்தான் செய்யும். ஆட்டம் தொடங்குமுன் அணித்தலைவர்களை அழைத்து நாணயம் சுண்டும்போதே, "இந்தச் சைகை வந்தால் நான் நிறுத்துவேன்" என்று மத்தியஸ்தரைச் சொல்ல வையுங்கள். அரை நிமிட வேலை.

மூன்றாவது, சாட்சி. 2025 ஜூனில் கழக உலகக் கிண்ணத்தில் றியல் மட்ரிட்டும் பச்சுக்காவும் மோதிய ஆட்டத்தின் கடைசி நேரத்தில் அன்ரோனியோ றூடிகர் முறையிட்டார். மத்தியஸ்தரும் கைகளைக் குறுக்கிக் காட்டினார். எதிரணி வீரர் மறுத்தார். இருவருக்கிடையில் மூச்சோடு போன சொல்லை யார் நிரூபிப்பது? ஆகவே பக்கத்தில் நின்ற சக வீரரின் இலக்கம், நிமிடம், சொன்ன சொல் ஆகிய மூன்றையும் அணித்தலைவர் அந்த நிறுத்தத்திலேயே மத்தியஸ்தரிடம் ஒப்புவிக்கட்டும்.

அணியைக் கூட்டிக்கொண்டு தானாக வெளியேறுவது கடைசி வழி. 2013இல் கெவின் பிரின்ஸ் போட்டெங் மிலான் அணியோடு நடந்து போனது சிநேகபூர்வ ஆட்டம், புள்ளி போகவில்லை. லீக் ஆட்டத்தில் மத்தியஸ்தர் சொல்லாமல் போனால் நீங்களே தோற்றதாக எழுதிவிடுவார்கள்.

2021 ரி20 உலகக் கிண்ணத்தில் இந்தியா முழந்தாளிட்டது, பாகிஸ்தான் நெஞ்சில் கைவைத்தது, டி கொக் விளையாட மறுத்தார். இதில் எது சரி? முழந்தாளிட்டு என்ன கண்டார்கள்?
– வங்கி ஊழியர், கொக்குவில்

ஒக்ரோபர் 24 அன்று டுபாயில் நடந்தது இரு அணி நிர்வாகங்களும் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு. நிர்வாகம் சொன்னதைச் செய்தோம் என்றுதான் கோலியும் பின்னர் சொன்னார். அதில் பிழையும் இல்லை, பெரிய கனமும் இல்லை.

தென்னாபிரிக்காவின் கதை வேறு. அதுவரை அவ்வணியில் சிலர் முழந்தாளிட்டார்கள், சிலர் நின்றபடி கையை உயர்த்தினார்கள், சிலர் சும்மா நின்றார்கள். தொலைக்காட்சியில் பார்க்க அணி மூன்றாய் உடைந்தது போல இருந்தது. கிரிக்கெட் சபை எல்லோரும் முழந்தாளிட வேண்டும் என்று முடிவெடுத்து, ஒக்ரோபர் 26 மேற்கிந்தியத் தீவுகளுடனான ஆட்டத்தன்று காலையில் வீரர்களுக்கு அறிவித்தது. குயின்ரன் டி கொக் விலகினார். இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டார். தன் வீட்டிலேயே கறுப்பினச் சிற்றன்னை இருப்பதையும் சொன்னார். 30ஆம் திகதி சார்ஜாவில் இலங்கைக்கு எதிராக முழந்தாளிட்டார். ஹசரங்க ஹற்றிக் எடுத்தும் நாங்கள் தோற்றோமே, அதே ஆட்டம்.

எங்கள் கணிப்பில் சபையின் நோக்கம் சரி, நேரம் பிழை. ஆட்டத்தன்று காலையில் உத்தரவு போட்டு வாங்கும் சைகையில் வீரனின் மனம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முழந்தாளிடுவதைத் தொடக்கிய அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் கொலின் கப்பர்னிக் 2016 ஓகஸ்ற்றில் தேசிய கீதத்தின்போது முதலில் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார். முன்னாள் படைவீரரான நேற் போயருடன் பேசிய பின்பே செப்ரெம்பர் 1ஆம் திகதி முழந்தாளிட்டார். உட்கார்ந்தால் அவமதிப்பு, முழந்தாளிட்டால் மரியாதையோடு கூடிய எதிர்ப்பு என்பது அந்தப் பேச்சில் வந்த தெளிவு. யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை.

பயன் பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்தின் பிறீமியர் லீக்கில் 2020 ஜூன் 17 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் முழந்தாளிட்டார்கள். 2021 மார்ச்சில் வில்பிறீட் சாகா, தானே கறுப்பினத்தவர், இனி நிற்பேன் என்று நின்றார். 2022 ஓகஸ்ற்றில் அணித்தலைவர்களே கூடி, தெரிந்தெடுத்த ஆட்டங்களுக்கு மட்டும் போதும் என்றார்கள். 2025 ஜூலையில் ஜெஸ் கார்ட்டர் இணையத்தில் இனநிந்தனைக்கு ஆளானபோது, இங்கிலாந்துப் பெண்கள் அணி இத்தாலியுடனான அரையிறுதிக்கு முன் முழந்தாளிடாமல் நின்றது. தினமும் அடிக்கும் மணியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அடிக்காமல் விட்ட அன்று பார்த்தார்கள்.

கோல் அடித்ததும் மேற்சட்டையைத் தூக்கி, உள்ளே 'இனவெறி வேண்டாம்' என்று எழுதியதைக் காட்டலாமா?
– கழக வீரர், பாசையூர்

கூடாது. உதைபந்தாட்டத்தின் 4ஆம் விதி, உள்ளாடையில் அரசியல், மத, தனிப்பட்ட வாசகம் எதையும் காட்டத் தடை போடுகிறது. தண்டனையைப் போட்டி ஏற்பாட்டாளர் தீர்மானிப்பார். சட்டையைக் கழற்றினால் 12ஆம் விதிப்படி மஞ்சள் அட்டை வேறு. கோல் செல்லாது என்றாலும் அட்டை நிற்கும். கிரிக்கெட்டில் முன் அனுமதி வேண்டும். 2020 ஜூலையில் சவுத்ஹாம்ப்ரனில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் கழுத்துப்பட்டியில் சின்னம் அணிந்தது அனுமதியோடு. 2023 டிசெம்பரில் உஸ்மான் கவாஜா கறுப்புப் பட்டி கட்டியது அனுமதியில்லாமல், கண்டிப்பு வாங்கினார். கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எல்லோரும் ஒரே பட்டியை அணிந்தால் தனி ஆள் மாட்டுப்பட வேண்டியதில்லை.

ஒலிம்பிக்கில் இப்போது இதெல்லாம் அனுமதியா?
– உடற்கல்வி ஆசிரியர், பருத்தித்துறை

பாதி அனுமதி. சாசனத்தின் 50ஆம் விதி ஆர்ப்பாட்டத்தைத் தடுக்கிறது. 2021 ஜூலையில் ரோக்கியோவுக்காக அதைத் தளர்த்தி, போட்டி தொடங்குமுன் களத்தில் கருத்தை வெளிப்படுத்தலாம், ஒருவரையோ ஒரு நாட்டையோ குறிவைக்கக் கூடாது என்றார்கள். அந்தப் படியே சப்போரோவில் பிரித்தானிய, சிலிப் பெண்கள் உதைபந்தாட்ட அணிகள் முழந்தாளிட்டன. பதக்க மேடையில் இன்னும் தடைதான். குண்டெறிதலில் வெள்ளி வென்ற ரேவன் சோண்டர்ஸ் மேடையில் தலைக்கு மேல் கைகளைக் குறுக்கியபோது விசாரணை தொடங்கியது. அவருடைய தாயார் இறந்ததால் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

எங்கள் சுற்றுப்போட்டியில் கயிற்றுக்கு வெளியே நின்று சிலர் சாதியைச் சொல்லிக் கத்துகிறார்கள். தெற்கிலிருந்து அணி வந்தால் அதற்கு வேறு கூச்சல். இது இனவெறிக்குள் வருமா? மைக் பிடிப்பவன் என்ன செய்ய வேண்டும்?
– ஏற்பாட்டுக்குழு உறுப்பினர், மானிப்பாய்

வரும். பீபா யாப்பில் தோல் நிறத்தோடு சமூகப் பின்னணி, பிறப்பு, மொழி, மதம் எல்லாம் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டுள்ளன. இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையில் சாதி என்ற சொல்லே இருக்கிறது. அமெரிக்காவில் முழந்தாளிட்டதற்குக் கைதட்டிவிட்டு எங்கள் கோட்டுக்கு வெளியே கேட்பதைப் பகிடி என்று விட்டுவிடும் ஆக்கள் எங்களிடமும் உண்டு.

வேலையைப் போட்டிக்கு முன்பே தொடங்குங்கள். விண்ணப்பப் படிவத்தோடு போகும் விதிமுறைத் தாளில் மூன்று படியையும், ஆட்டம் கைவிடப்பட்டால் வெற்றி யாருக்கு என்பதையும் அச்சடியுங்கள். நடந்தபின் கூடிப் பேசினால் சண்டைதான் வரும்.

அறிவிப்பு வாசகத்தை எழுதி மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அறிவிப்பாளர் தன் வாய்க்கு வந்ததைச் சொன்னால் மூன்று பிழை நடக்கும்: கத்திய சொல்லையே ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்வார், 'இன்ன ஊர் ஆக்கள்' என்று ஊரைச் சுட்டுவார், அல்லது பகிடி விட்டு மழுப்புவார். இவ்வளவு போதும்: "மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தியுள்ளார். பிறப்பையோ இனத்தையோ சொல்லி இழிவுபடுத்தும் சத்தம் இத்துடன் நிற்க வேண்டும். தொடர்ந்தால் அணிகள் வெளியேறும், அதன் பின்னும் தொடர்ந்தால் ஆட்டம் கைவிடப்படும்." வாசிக்குமுன் பாட்டை நிறுத்துங்கள். இரண்டு முறை, மெதுவாக. சிங்களம் பேசும் அணி வந்திருந்தால் சிங்களத்திலும். வாசித்து முடிந்து கூட்டம் அடங்கும்வரை மத்தியஸ்தர் பந்தைக் கையிலேயே வைத்திருக்கட்டும்.

யார் கத்தியது என்பதை அங்கேயே குறிக்காவிட்டால் பிறகு ஒன்றும் ஆகாது. 2021 ஜனவரியில் சிட்னி ரெஸ்ற்றின் நான்காம் நாள் எல்லைக்கோட்டில் நின்ற முகமட் சிராஜ் உள்ளே வந்து நடுவரிடம் சொன்னார். ஆட்டம் நின்றது, ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். விசாரணை முடிவில் இந்திய வீரர்கள் நிந்திக்கப்பட்டது உண்மை என்று ஏற்றார்கள். ஆனால் அந்த ஆறு பேரும் கத்தியவர்கள் அல்லவென்று விடுவித்துவிட்டார்கள். அவ்வளவு கமராக்கள் இருந்த மைதானத்திலேயே இந்தக் கதி.

ஆகவே கயிற்றுக்கு வெளியே நான்கு பக்கமும் ஒவ்வொரு தொண்டரை நிறுத்துங்கள். இரு அணிகளின் ஊரையும் சேராதவர்களாக இருந்தால் நல்லது. ஆளுக்கொரு கொப்பியும் பேனையும் கொடுங்கள். நேரம், நின்ற இடம், சொன்ன சொல் அப்படியே, கேட்ட இருவரின் பெயர். அசிங்கமான சொல்லென்று கூச்சப்பட்டு 'தகாத வார்த்தை' என்று எழுதிக் கொடுக்க விடாதீர்கள். எந்தச் சொல் என்று தெரியாமல் எந்த ஒழுக்காற்றுக் குழுவும் தீர்ப்பெழுத முடியாது.