கிளெஃப் இருந்த இடத்தில் & தெரிகிறதா? நொட்டேஷன் மென்பொருள் எழுத்துருக்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: சேர்ந்திசைக் குழு ஒன்றுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். அண்மையில் புதிய கணினிக்கு மாறினேன். பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேலை இசைக்குறிப்பு) கோப்புகளைத் திறந்தால், ட்ரெபிள் கிளெஃப் (சுர உயரத்தைக் காட்ட வரியின் தொடக்கத்தில் வரும் குறி) இருக்க வேண்டிய இடத்தில் & குறியும், பாஸ் கிளெஃப் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டன, இசை எழுத்துருத் தொகுப்பு ஒன்றை விலைக்கு வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் உங்கள் கோப்புகள் நலமாகவே இருக்கின்றன. அவற்றைக் காட்டுவதற்கான எழுத்துரு மட்டும் புதிய கணினியில் இல்லை.

இதன் காரணம் 1986-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அடோபி நிறுவனத்துக்காக கிளியோ ஹக்கின்ஸ் வடிவமைத்த சொனாட்டா என்னும் இசை எழுத்துருவில், ஒவ்வோர் இசைக்குறியும் விசைப்பலகையில் உள்ள ஏதாவது ஒரு குறியின் இடத்தில் வைக்கப்பட்டது. ட்ரெபிள் கிளெஃப் & குறியின் இடத்திலும், பாஸ் கிளெஃப் கேள்விக்குறியின் இடத்திலும் அமர்ந்தன. பின்னர் வந்த மேஸ்ட்ரோ போன்ற எழுத்துருக்களும் இதே வழியைப் பின்பற்றின. ஆகவே கோப்புக்குள் உண்மையில் பதிந்திருப்பது & தான்; எழுத்துரு இருந்தால் அது கிளெஃபாகத் தோன்றும், இல்லாவிட்டால் உள்ளது உள்ளபடியே தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்குமே, அதே கதைதான் இது.

உங்களுக்குத் தெரிவது & இல்லாமல் வெற்றுக் கட்டங்களாக இருந்திருந்தால் காரணம் சற்று வேறாகும். 2013-இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் முன்வைத்த ஸ்மூஃபில் என்னும் பொதுத்தரத்தில், இசைக்குறிகள் யூனிகோடு என்னும் பொது எழுத்துக்குறி முறையில், அவரவர் விருப்பப்படி பயன்படுத்த ஒதுக்கிய தனிப்பயன் பகுதிக்குக் குடிபெயர்ந்தன. அந்தப் பகுதியில் உள்ள எண்களுக்குச் சாதாரண எழுத்துருக்களில் வடிவம் எதுவும் இருக்காது என்பதால், ஸ்மூஃபில் எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் மட்டுமே தோன்றும். & தெரிந்தால் பழைய வகை எழுத்துரு இல்லை, கட்டம் தெரிந்தால் பெரும்பாலும் புதிய வகை எழுத்துரு இல்லை என்று கொள்ளலாம். எந்த வகை என்று தெரியாமல் தொகுப்பு வாங்கினால், பணம் போனபின்னும் கிளெஃப் வராமல் போக வாய்ப்புண்டு.

முதலில், கோப்பு கேட்கும் எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடியுங்கள். திறக்கும்போதே சில மென்பொருள்கள் இன்ன எழுத்துரு இல்லை என்று எச்சரிக்கும். நாம் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறோம். எச்சரிக்கை வராவிட்டால் ஆவண எழுத்துருக்களுக்கான அமைப்பில் பார்க்கலாம். பெயர் மென்பொருளுடன் சேர்ந்தே வரும் எழுத்துருவின் பெயராக இருந்தால், மென்பொருளை மீண்டும் நிறுவினாலே போதும், தனியாக எதற்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நீங்களே நிறுவும் எழுத்துருவாக இருந்தால், விண்டோஸில் எழுத்துருக் கோப்பின் மேல் வலச்சொடுக்கி, 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுக' என்ற பொருளில் வரும் தெரிவைச் சொடுக்குங்கள். வெறுமனே நிறுவினால் அது உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் அமரும்; அங்கே உள்ள எழுத்துருவைச் சில மென்பொருள்கள் தேடுவதில்லை. பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள், சில மென்பொருள்களில் எழுத்துருப் பட்டியல் அப்போதுதான் புதுப்பிக்கப்படும். மேக் கணினியில் ஒரே பெயரில் இரண்டு பதிப்புகள் இருந்தாலும் இத்தகைய குழப்பம் வரும் என்பதால், ஃபான்ட் புக் செயலியில் இரட்டைப் பிரதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்குப் பின்னும் குறிப்பிட்ட ஓர் எழுத்துரு கிடைக்கவில்லை, அது விலைக்கு மட்டுமே வரும் என்றால் அதை மட்டும் வாங்குங்கள். அதற்கு முன், அதை எப்போதாவது வாங்கிய ரசீது பழைய மின்னஞ்சலில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாங்கியவருக்கு மறுபதிவிறக்கம் தரும் விற்பனையாளர்கள் உண்டு. கோப்புகள் கெட்டுவிட்டன என்ற சொல்லை மட்டும் நம்பி ஒரு கோப்பையும் அழித்துவிடாதீர்கள்.

பழைய மென்பொருள் ஃபினாலே என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அதன் மேம்பாட்டை நிறுத்துவதாக மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. அது ஓடும் கணினி கையில் இருக்கும்போதே எல்லாக் கோப்புகளையும், பல நொட்டேஷன் மென்பொருள்கள் திறக்கக்கூடிய பொது வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவிலும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சுரங்களும் பாடல் வரிகளும் அதில் தங்கும். எழுத்துருக் கோப்பு அதனுடன் வராது.

கேள்வி: ஸ்மூஃபில் எழுத்துரு ஒன்றை விலை கொடுத்து வாங்கி நிறுவினேன். வேர்டு செயலியில் அதன் பெயர் தெரிகிறது. நொட்டேஷன் மென்பொருளின் இசை எழுத்துருப் பட்டியலில் தெரியவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: எழுத்துருவுடன் ஜேசன் (.json) வகைக் கோப்பு ஒன்றும் வந்திருக்க வேண்டும். தண்டுக்கோடு எவ்வளவு தடிமன், தண்டுகளை இணைக்கும் பீம் எவ்வளவு அகலம் போன்ற அளவுகள் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் காமன் ஃபைல்ஸ், அதனுள் ஸ்மூஃபில், அதனுள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில், எழுத்துருவின் பெயரிலேயே ஒரு கோப்புறை அமைத்து அதில் இந்தக் கோப்பை வையுங்கள். டோரிக்கோ போன்ற நொட்டேஷன் மென்பொருள்கள் அங்கே தேடும். ஜேசன் கோப்பே தரப்படவில்லை என்றால் விற்றவரிடம் கேட்டுப் பெறுங்கள். தம்முடன் வரும் எழுத்துருக்களை மட்டுமே ஏற்கும் மென்பொருள்களும் இருப்பதால், இனி வாங்கும்போது உங்கள் பதிப்பின் பெயரைச் சொல்லி, அதில் வேலை செய்யுமா என்று எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். பிராவுரா என்னும் ஸ்மூஃபில் எழுத்துரு திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அதை நிறுவிச் சோதித்துப் பார்த்தால் குறை எழுத்துருவிலா மென்பொருளிலா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: புதிதாக வாங்கிய நொட்டேஷன் மென்பொருளில் சுரங்கள் அழகாக இருக்கின்றன. கீழே தமிழில் பாடல் வரி இட்டால் 'கொ' உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாக நிற்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் ஒரு சோதனை. பாடல் வரிக்கான எழுத்துரு இசை எழுத்துருவிலிருந்து தனியானது; வரிக்குரிய பாணி அமைப்பில் நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு தமிழ் எழுத்துரு ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். சொல்லை அசைகளாகப் பிரிக்கும்போது 'கொ-டுத்-தான்' என்று முழு எழுத்தாகப் பிரித்தீர்களா என்றும் பாருங்கள். மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவில் பிளந்தால் எந்த எழுத்துருவும் உதவாது. இவை சரியாக இருந்தும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறன் அந்த மென்பொருளுக்கே இல்லை. அப்போது எழுத்துரு மாற்றிப் பயனில்லை. திரையைப் படம் பிடித்து, பதிப்பு எண்ணுடன், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் எழுதிக் கேளுங்கள். இனி வாங்குவோர் சோதனைப் பதிப்பிலேயே கொ, கௌ, கை, ஸ்ரீ ஆகிய நான்கையும் வரியாக இட்டு, பிடிஎஃப் வரை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. திரையில் சரியாக இருந்து பிடிஎஃபில் உடைவதும் உண்டு.

கேள்வி: என் திரையில் சரியாக இருக்கும் பிடிஎஃப், அச்சகத்தில் கட்டம் கட்டமாக வருகிறது.

பதில்: எழுத்துரு பிடிஎஃபுக்குள் பொதியப்படவில்லை. அடோபி ரீடரில் ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால், பொதியப்பட்ட ஒவ்வொன்றின் அருகிலும் அவ்வாறே குறித்திருக்கும். விடுபட்டது இருந்தால் ஏற்றுமதி அமைப்பில் பொதியும் தெரிவை இயக்கி மீண்டும் எடுங்கள். அப்படியும் பொதிய மறுத்தால், அந்த எழுத்துருவின் உரிமமே அதைத் தடுத்திருக்கக்கூடும். அச்சுக்கு அனுப்பும் வேலைக்கு வேறு எழுத்துருவைப் பயன்படுத்துங்கள்.