முழங்காலில் தட்டியும் கால் துள்ளவில்லையே, நரம்பு செத்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. இரண்டு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லி மறுபடி தட்டினார், துள்ளியது. குதிகாலுக்கு மேலே தட்டியபோது இரண்டு காலிலும் ஒன்றும் இல்லை. "பிறகு பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். என் நரம்பு செத்துவிட்டதா? நடக்க முடியாமல் போய்விடுமா?

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். முழங்கால் துள்ளியிருக்கிறது. முதல் தட்டில் வந்தால் என்ன, மூன்றாம் தட்டில் வந்தால் என்ன, அந்த நரம்பு வேலை செய்கிறது.

முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் சுத்தியல் படும்போது, தொடையின் முன்பக்கத் தசை மயிரிழை அளவு இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் உணர்விழைகள் அந்தச் சேதியைத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு அனுப்புகின்றன. அங்கே ஒரே ஓர் இணைப்புதான். அதைத் தாண்டியதும் "சுருங்கு" என்ற உத்தரவு அதே தசைக்குத் திரும்புகிறது. தட்டியதிலிருந்து தசை சுருங்கத் தொடங்க ஒரு நொடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு போதும். மூளையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

ஆனால் மூளையால் அதை அடக்கி வைக்க முடியும். என்ன ஆகுமோ என்று முழங்காலையே பார்த்துக்கொண்டு, தொடையை விறைப்பாக வைத்து உட்கார்ந்தால் துள்ளல் வராது. பயத்தோடு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் உட்காருவார்கள். விரல்களைக் கோத்து இழுக்கச் சொன்னது அதற்காகத்தான். ஹங்கேரிய மருத்துவர் யென்ட்ராசிக் 1880களில் எழுதிவைத்த உத்தி இது. கவனம் கைக்குப் போகும், அதோடு கைத்தசைகளை இறுக்கும்போது தண்டுவடத்தின் அனிச்சைச் செயலும் ஓங்கும். எனக்கு இது தினமும் கைகொடுக்கிறது.

சரி, கணுக்காலுக்கு வருவோம். வயதாக ஆக, அந்தத் துள்ளல் வேறு எந்த நோயும் இல்லாமலே பலருக்கு மறைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதும் ஆறுதலான விஷயம்தான். ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் முதுகெலும்பின் இடைத்தட்டு (டிஸ்க்) நரம்பை அழுத்துகிறதா என்று தேடுவோம். ஆனாலும் உங்களுக்கு 52 வயதுதான், சர்க்கரையும் இருக்கிறது. அதனால் நான் இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். சர்க்கரை நோய் முதலில் நீளமான நரம்புகளைத்தான் தாக்கும். உடம்பில் மிக நீளமானவை இடுப்பிலிருந்து பாதத்துக்கு வருபவை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இருக்கும். அதனால்தான் எரிச்சலும் மரத்துப் போவதும் கால்விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டதுபோல மேலே ஏறும்.

சுத்தியலைவிட எனக்கு நம்பிக்கை தருவது டியூனிங் ஃபோர்க், அதாவது தட்டினால் அதிரும் உலோகக் கவை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, அதிரும் ஃபோர்க்கைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்" என்பேன். "நின்றுவிட்டது டாக்டர்" என்பார். என் விரலில் அது இன்னும் நன்றாக அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளிதான் நரம்பு தளர்ந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. இந்த இரண்டையும் செய்யும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். அந்தக் குறையும் நரம்பைப் பாதிக்கும், ஆனால் அதைச் சரிசெய்ய முடியும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தினமும் இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தால் வலிக்காது, கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கால் பலவீனம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.