மலைக் குளிரில் டிப் தயாரித்தல்: கேள்வி பதில்

(கொடைக்கானலில் தங்கும் விடுதி ஒன்றின் சமையலறையைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் உறுப்பினர் பதிலளிக்கிறார். டிப் என்பது தோய்த்துச் சாப்பிடும் கெட்டியான கலவை.)

வில்பட்டியிலிருந்து: அக்கா, கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தும் ஹம்முஸ் என்னும் கடலை டிப் நறநறவென்றே வருகிறது. மிக்ஸியை மாற்ற வேண்டுமா?

மிக்ஸியின் மேல் பழி வேண்டாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுவதால், தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் கடலைக்கு அதற்கு மேல் சூடு கிடைப்பதில்லை. ஊறவைக்கும் நீரில் கால் கிலோ கடலைக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்து, மறுநாள் அந்த நீரைக் கொட்டிக் கழுவிவிட்டு, குக்கரில் வேகவையுங்கள். இரண்டு விரல்களுக்கிடையே நசுக்கினால் திப்பியின்றி மசிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் இன்னும் இரண்டு விசில் விடுவதில் தவறில்லை. வெள்ளை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு ஆகியவற்றுடன் அரைக்கும்போது ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டால் நிறம் வெளுத்து, வெண்ணெய் போலத் திரண்டு வரும். எள்ளைச் சிவக்க வறுத்துவிடாதீர்கள். எள்ளுருண்டை வாசனை வந்துவிடும்.

பூம்பாறையிலிருந்து: எங்கள் ஊர்ப் பூண்டைச் சுட்டு, எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்தக் குளிரில் கெடாதுதானே?

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டின் காரத்துக்கும் மணத்துக்கும் நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஜாடியை இன்றே அப்புறப்படுத்துங்கள். புளிப்பு குறைந்த பூண்டை எண்ணெய் மூடிக் காற்றைத் தடுக்கும் இடத்தில் போட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும், அதை வாசனையாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. பாட்டி வைத்த பூண்டு ஊறுகாயில் உப்பும் புளிப்பும் காவல் இருந்தன, இதில் அவை இல்லை. தேவையான அளவு மட்டும் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து: பட்டர் ஃப்ரூட் டிப் கறுத்துப்போகிறது. கொட்டையை உள்ளே போட்டுவைத்தால் தடுக்குமா?

கொட்டைக்கு அடியில் இருக்கும் பகுதி மட்டுமே தப்பிக்கும். எலுமிச்சைச் சாற்றைக் கலந்து, காற்று நுழையாதபடி வாழையிலையை மேற்பரப்பில் ஒட்ட அழுத்தி மூடுங்கள்.

குன்னூரிலிருந்து: ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வெளியே போகிறோம். சீஸ், பதப்படுத்திய இறைச்சி, பழம் என்று பலகையில் அடுக்க விரும்புகிறோம். தயிர் டிப் நீர்த்துப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்? மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியை அதில் தோய்த்துச் சாப்பிடலாமா?

முந்தைய இரவே இரண்டு லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வடிகட்டியின் மேல் வையுங்கள். காலையில் ஏறத்தாழ பாதியளவு மிஞ்சும். வெள்ளரியைத் துருவி, உப்புப் பிசறிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். இறைச்சியிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு தூக்கலாக இருப்பதால் டிப்பில் உப்பைக் குறைத்து, புளிப்பைக் கூட்டுவது என் வழக்கம். அகலமான ஒரே கிண்ணத்துக்குப் பதிலாகச் சிறிய எவர்சில்வர் டப்பாக்களில் பிரித்து, ஐஸ் வைத்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த டிப்பை, மலைக் காற்று எவ்வளவு சில்லென்று வீசினாலும், வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் டப்பா அங்கேயும் கைகொடுக்கும், இறுக்கமான மூடி குரங்குகளையும் சற்று நேரம் தடுத்து நிறுத்தும்.

வர்க்கி வேண்டாம். தோய்த்ததும் பொடிந்து டிப்புக்குள் விழும். அதைத் தேநீருக்கு வைத்துக்கொண்டு, கேரட்டையும் முள்ளங்கியையும் நீளவாக்கில் நறுக்கி எடுத்துச் செல்லுங்கள்.