மாஸ்ஃபெட் ஏன் இப்படிச் சுடுகிறது?

கேள்வி: 12 வோல்ட், 6 ஆம்பியர் டிசி மோட்டார் ஒன்றின் வேகத்தைக் கட்டுப்படுத்த, ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டின் (மின்னணுச் சுவிட்ச்) கேட்டை, அதாவது அதைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுக் காலை, 220 ஓம் மின்தடை வழியே ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் 5 வோல்ட் முனையில் இணைத்திருக்கிறேன். கீச்சொலி கேட்காதிருக்க 20 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 20,000 முறை திறந்து மூடி இயக்குகிறேன். மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 டையோடும் உண்டு. 49 ஆம்பியர் தாங்கும் என்ற மாஸ்ஃபெட் இரண்டே நிமிடத்தில் தொட முடியாதபடி சுடுகிறது, மூன்று எரிந்துவிட்டன. தொடக்க மின்னழுத்தம் அதிகபட்சம் 4 வோல்ட்தானே, 5 வோல்ட் போதாதா?

பதில்: போதாது. தரவுத்தாளில் 2 முதல் 4 வோல்ட் வரை என்றிருக்கும் தொடக்க மின்னழுத்தம், மாஸ்ஃபெட் வழியே வெறும் 250 மைக்ரோஆம்பியர் பாயத் தொடங்கும் நிலையைத்தான் குறிக்கிறது, முழுதாகத் திறந்த மாஸ்ஃபெட்டின் 17.5 மில்லிஓம் என்ற குறைந்த மின்தடைக்கு உத்தரவாதம் கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது மட்டுமே. புதிதாகச் சுற்று வடிவமைப்பவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேட் ஒரு மின்தேக்கியைப் போன்றது. இந்த மாஸ்ஃபெட்டில் அதை நிரப்ப 63 நானோகூலும் வரை மின்னூட்டம் வேண்டும். ஆர்டுயினோவின் முனை 20 மில்லிஆம்பியரை விடாமல் கொடுத்தாலே அதற்கு 3 மைக்ரோவினாடிக்கு மேல் ஆகும். உங்கள் சுற்றிலோ, கேட் 4 வோல்ட்டை எட்டியதும் மின்தடைக்குக் குறுக்கே எஞ்சுவது 1 வோல்ட்தான். 220 ஓமில் அது 5 மில்லிஆம்பியர்கூட இல்லை. ட்ரெய்ன் (மோட்டார் இணைந்த கால்) மின்னழுத்தம் சட்டென்று இறங்க வேண்டிய அந்தக் கட்டத்திலேயே கேட்டுக்கு வரும் மின்னோட்டம் வற்றிவிடுவதால், 50 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒருசேரச் சுமந்து நிற்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

எனவே இடையில் டிசி4427 போன்ற கேட் டிரைவர் (கேட்டை வேகமாக நிரப்பும் சில்லு) ஒன்றை வைத்து, அதற்கு 12 வோல்ட் கொடுங்கள். ஆர்டுயினோவின் 5 வோல்ட் சைகையை ஏற்றுக்கொண்டு 1.5 ஆம்பியர் வரை தரக்கூடியது அது. மைக்ரோவினாடிகள் பிடித்த வேலை சில நூறு நானோவினாடிகளுக்குள் அடங்கிவிடும். கேட் மின்தடையை 10 ஓமாகக் குறையுங்கள். டிரைவரின் மின்வழங்கல் கால்களை ஒட்டியே 1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கியைப் பற்றவையுங்கள். கம்பி நீண்டால் பயனில்லை.

5 வோல்ட்டிலேயே திறக்கும் ஐஆர்எல்இசட்44என் போதுமே என்று சிலர் சொல்வார்கள். ஆர்டுயினோ ஊனோவின் இயல்பான 490 ஹெர்ட்ஸுக்கு அது சரி. அதன் கேட்டுக்கும் 48 நானோகூலும் வரை தேவைப்படுவதால் 20 கிலோஹெர்ட்ஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டையோடையும் மாற்றுங்கள். மாஸ்ஃபெட் மூடியிருக்கும்போது மோட்டாரின் மின்னோட்டம் அதன் வழியேதான் சுழல்கிறது. 1என்4007 தாங்குவது 1 ஆம்பியர்தான். தவிர, அது மெதுவாக அணைவது. மாஸ்ஃபெட் மீண்டும் திறக்கும் கணத்தில் டையோடு இன்னும் கடத்திக்கொண்டிருந்தால், பேட்டரி மின்னோட்டம் மோட்டாரைத் தொடாமல் இரண்டின் வழியேயும் பாய்ந்துவிடும். எம்பிஆர்1045 போன்ற, வேகமாக அணையும் 10 ஆம்பியர் ஷாட்கி டையோடு இங்கே பொருந்தும்.

இவற்றைச் செய்தபின் 6 ஆம்பியரில் கடத்தல் இழப்பு (திறந்த நிலையின் மின்தடையால் வெப்பமாகும் திறன்) ஏறத்தாழ 0.63 வாட். ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாதபோது வாட்டுக்கு 62 டிகிரி என்பதால், அறை வெப்பத்துக்கு மேல் சுமார் 40 டிகிரி ஏறும். சூடு ஏற ஏற மின்தடையும் கூடும். மோட்டார் சிக்கி நின்றால் மின்னோட்டம் பல மடங்காகும். ஆகவே சிறிய ஹீட் சிங்க் ஒன்றையும், பேட்டரிக் கம்பியில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் தவறாமல் போடுங்கள்.